பேசாத சூசையும் பெத்லகேம் வழியும்



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமையேற்க அழைத்த அன்பு பெரிது. முன்வரிசையில் என் ஆசிரியர்களே அமர்ந்திருப்பதால் தொண்டை சற்று உலர்கிறது, பொறுத்தருளுங்கள்.

விவிலியம் வளர்க்கும் மனநிறைவும் நன்றியுணர்வும் நம் பொருள். பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய மடலையும், 103ஆம் திருப்பாடலையும், பத்துத் தொழுநோயாளரில் திரும்பி வந்த சமாரியரையும் இந்த அவைக்கு விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். நான் சூசையைப் பாடும் வீரமாமுனிவரின் தேம்பாவணிக்குப் போகிறேன். அங்கேதான் போவேன் என்று பலருக்கும் தெரியும்.

1726-இல் எழுந்த அக்காப்பியத்தின் நாட்டுப் படலம் யூதேயாவை மருத நிலமாக்குகிறது. திருத்தக்கதேவரின் சிந்தாமணி, கம்பன் வழிவந்த காப்பிய மரபு என்று சொல்லி நம் திறனாய்வு நகர்ந்துவிடும். ஆக்ரெடா மரியாள் எழுதி 1670-இல் வெளிவந்த ஸ்பானிய நூலே மூலம் என்பார் ஒரு சாரார். பாடியவர் வீரமாமுனிவரே அல்லர், சுப்ரதீபக் கவிராயர் என்பார் வேறொரு சாரார். இந்த வழக்கில் யாரும் சாட்சிக்கு அழைக்காத சிறுநூல் ஒன்றுண்டு: இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’.

இயேசு சபையில் சேரும் எவரும் முப்பது நாள் அந்நூலின்படி தியானம் செய்தாக வேண்டும். 1698-இல் சேர்ந்த வீரமாமுனிவரும் செய்தவர்தாம். கிறிஸ்து பிறப்புத் தியானம் என்ன கேட்கிறது? நாசரேத்திலிருந்து பெத்லகேம் செல்லும் வழியை மனக்கண்ணால் பார்க்க வேண்டும். அதன் நீளம் என்ன, அகலம் என்ன, சமவெளியா, மேடுபள்ளமா? குகையின் கூரை தாழ்ந்ததா, உயர்ந்ததா? பிறகு தானும் ஏழைப் பணியாளாய் அங்கே நின்று தாய்க்கும் சேய்க்கும் தொண்டு செய்ய வேண்டும். இஞ்ஞாசியார் 1523-இல் எருசலேமை நேரில் கண்டவர். வீரமாமுனிவர் காலில் ஒட்டியதோ கொள்ளிடக்கரை மண். அவர் மனக்கண்ணில் வேறு எந்த வழி விரியும்?

ஆக்ரெடாவின் நூலுக்கு மையம் இயேசுவின் தாய் மரியாள். நற்செய்திகளில் ஒரு சொல்லும் பேசாத சூசையை வளன் என்று பெயரிட்டு, 3615 பாடல்களுக்குத் தலைவனாக்கியதை மூலநூல் மட்டும் விளக்கிவிடாது. தாய்க்கும் சேய்க்கும் அருகே நின்று பணி செய்பவர் வளன். தியானிப்பவரை இஞ்ஞாசியார் நிற்கச் சொன்னதும் அதே இடத்தில்தான்.

பயிற்சிகளின் முடிவுத் தியானம் பெற்ற நன்மைகளை எண்ணச் சொல்கிறது. கதிரவனிடமிருந்து ஒளியும் ஊற்றிலிருந்து நீரும் வருவதுபோல எல்லாக் கொடையும் மேலிருந்து இறங்குவதைக் காணச் சொல்கிறது. மேகம், மலை, ஆறு, வயல் என்று இறங்கிவரும் நாட்டுப் படலத்துக்கு இதைவிட நெருங்கிய உரையை நான் கண்டதில்லை. வடிவம் திருத்தக்கதேவருடையது, கம்பனுடையது; அதை நான் மறுக்கவில்லை. அந்த வடிவத்தில் நடப்பது நன்றித் தியானம் என்கிறேன்.

இதற்கு எழுத்துச் சான்று உண்டா என்று முன்பு ஒரு மதிப்புரையில் கேட்ட நண்பர் இந்த அவையில் இருக்கிறார். நாள்தோறும் செய்யும் செபத்துக்கு எவர் அடிக்குறிப்பு எழுதுவார், ஐயா? நாளைய அமர்வில் தேம்பாவணியையும் பயிற்சிகளையும் அருகருகே வைத்து வாசிப்போம். மறுப்புரைக்கு முதல் வாய்ப்பு உங்களுக்கே. கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.