கயிற்றுப் பூட்டு

(வாசுதேவநல்லூரில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், கடற்றொழிலினின்றும் ஓய்வு பெற்ற அங்கத்தினர் ஒருவர் செய்த பிரசங்கம்)



மலையடிவாரத்து ஊராகிய இவ்வாசுதேவநல்லூரில் நின்றுகொண்டு கடற்செய்தி பேச வந்திருக்கும் என் துணிவை மன்னிக்குமாறு முதற்கண் வேண்டிக்கொள்ளுகிறேன். கயிற்றைக் குறித்துப் பேசுவோர், நாரெல்லாம் கூடிக் கயிறானதுபோல் நாமெல்லாம் ஒன்றுகூட வேண்டும் என்று முடிப்பது சபைகளில் வழக்கம். அது நல்ல போதனையே. ஆயினும் இன்று கயிற்றைக் கயிறாகவே பேச விரும்புகிறேன். மூன்று முழக் கயிற்றைத் தக்கபடி பிணைக்கத் தெரிந்திருந்தால் என் தோழன் ஒருவனுடைய கண் தப்பியிருக்கும். பிணைத்த கயிற்றைத் தினந்தோறும் பார்த்துவரும் வழக்கம் தவறாதிருந்தால் ஒரு படகு தப்பியிருக்கும். முன்னது என் கண்ணெதிரே நடந்தது. பின்னது என்னாலேயே நடந்தது.

1974-ஆம் வருஷம் பதினெட்டு வயதில் பிழைப்புத் தேடித் தூத்துக்குடிக்குச் சென்றேன். இந்நாளில் இயந்திரம் பூட்டி ஓடும் தோணிகள் அந்நாளில் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்றன. தோணியில் வேலை கிடைக்கும்வரை நானும் என் தோழனும் ஒரு சிறு பாய்ப் படகில் கூலிக்கு இருந்தோம். பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குத் தாமான் என்று பெயர். அம்மூலையையும் தாமானையும் ஓர் இரும்புக் கொளுவி இணைத்திருந்தது. குதிரை லாடம்போல் வளைந்து, வாய்ப்புறம் திருகாணியால் அடைபடும் அதனைக் கப்பற்காரர் ஷாக்கில் என்பர்.

ஆடி மாதத்தில் ஒருநாள் கச்சான் காற்று சீறி அடித்தது. படகைத் திருப்பும்போது பாய் காற்றை இழந்து படபடவென்று உதறிற்று. அவ்வுதறலில் அந்த இரும்புத் துண்டு சம்மட்டிபோல் வீசி வந்து என் தோழனுடைய இடது கண்ணில் தாக்கியது. கரைசேர்வதற்குள் அவன் மடியெல்லாம் இரத்தம். உயிர் பிழைத்தான், கண் பிழைக்கவில்லை.

மறுநாள் படகின் தண்டையல், வயது முதிர்ந்தவர், ஒன்றும் பேசாமல் அவ்விரும்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு கயிற்றுத் துண்டை எடுத்து மடித்து, மடிப்பில் ஒரு கண் விட்டு, நுனிகளில் ஒரு குமிழ் முடிச்சுப் போட்டு, குமிழைக் கண்ணுக்குள் நுழைத்து இழுத்துக் காட்டினார். "இது முகத்தில் பட்டால் வலிக்கும், கண்ணைப் பறிக்காது" என்றார். அதைப் பார்த்ததும் எனக்கு நம் ஊர் வயல் நினைவுக்கு வந்தது. நுகத்தடியோடு மாட்டின் கழுத்தைப் பிணைக்கும் பூட்டாங்கயிற்றை அறியாதார் இச்சபையில் உண்டோ? ஏர் இழுக்கையில் அது நழுவாது. உழவு முடிந்ததும் நொடியில் கழன்றுவிடும். இழுக்கும்வரை விடாமலும், விடவேண்டியபோது தடுக்காமலும் இருப்பதே நல்ல பூட்டின் இலக்கணம். கடலில் நான் கண்டதும் அதுவே. ஆகையால் அதனைக் கயிற்றுப் பூட்டு என்றே அழைக்கிறேன்.

ஆணியினும் கயிற்றை நம்புவது தமிழ்க் கடற்கரைக்குப் புதிதன்று. கட்டுமரம் என்ற பெயரே அதற்குச் சாட்சி. மரத்துண்டுகளை ஆணியின்றிக் கயிற்றால் கட்டிக் கடலில் விடுவர். கரையேறியபின் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவதும் உண்டு. நம் சொல்லே ஆங்கிலத்தில் கட்டமரான் என வழங்கி, உலகெங்கும் இரட்டை உடற் படகுகளுக்குப் பெயராயிற்று. சென்னையில் துறைமுகம் ஏற்படுமுன் கப்பலினின்றும் ஆட்களையும் சரக்குகளையும் அலைகடந்து கரைசேர்த்த மசூலாப் படகுகளும் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டவையே. ஆணியடித்த படகு பிளந்துபோகும் அலையில், தைத்த படகு நெகிழ்ந்து கொடுத்துத் தப்பியது.

இனி இதைச் செய்யும் முறையைச் சொல்லுகிறேன். சிறு படகின் தாமானுக்குச் சுண்டுவிரலினும் மெல்லிய கயிறு சுமார் மூன்று முழம் போதும். அதை நடுவே மடித்து, மடிப்பில் குமிழ் நுழையுமளவு கண் விடவேண்டும். கண்ணுக்குக் கீழே ஒரு காலின் புரிகளை விலக்கி மறு காலை அதனூடே செலுத்தினால், சுமை ஏறும்போது கண் விரியாமல் இறுகும். பின்பு இரு வால்களையும் ஒன்றோடொன்று பின்னிக் குமிழ் முடிச்சாக்க வேண்டும். அந்த முடிச்சைச் சொல்லால் விளக்குவதினும் கையால் காட்டுவது எளிது. கூட்டம் முடிந்ததும் காட்டுகிறேன். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் சொல்லுவேன். முடிச்சை முழுப் பலத்தோடும் இறுக்கி, சுமை வைத்துச் சோதித்த பின்னரே வேலையில் இடவேண்டும். வால்களை முடிச்சோடு ஒட்ட நறுக்கலாகாது. நறுக்கினால் சுமையில் வால் உள்ளே நழுவி முடிச்சு அவிழும்.

எந்தக் கயிறு நல்லது என்று கேட்பீர்கள். தென்னங்கயிறு உப்புநீரைத் தாங்கும். ஆனால் பலம் குறைவு, முரடு. பருத்திக் கயிறு கைக்கு இதம். நனைந்தால் இறுகிக் கழலாது. நைலான் பலமுடையது, ஆனால் நீளும். 1990-ஆம் வருஷம் முதல் டைனீமா என்னும் நூலிழை விற்பனைக்கு வந்திருக்கிறது. அது நீரில் மிதக்கும். எடைக்கு எடை எஃகினும் பன்மடங்கு பலமுடையது. உள்ளே துளையாகப் பின்னிய அக்கயிற்றில் ஒரு காலை மற்றொன்றின் வயிற்றுக்குள்ளேயே செலுத்திவிடலாம். இன்று பந்தயப் படகுகளில் இரும்புக் கொளுவி இருந்த அநேக இடங்களில் இவ்வகைக் கயிற்றுப் பூட்டே இருக்கிறது.

ஆயினும் இதற்கும் குறைகள் உண்டு. கூரிய இரும்பு விளிம்பு இதை அறுக்கும். இயந்திரத்தின் சூட்டருகே ஆகாது. நங்கூரத்தருகே பாறையில் உராயும் இடத்துக்கு இரும்பே தகுதி. சுமையின்றிப் பாய் உதறிக்கொண்டே இருந்தால் கண் தளர்ந்து குமிழ் வெளிப்படலாம். அவ்விடத்தில் சிறு நூலால் ஒரு கட்டுப் போடுவது நலம். வெயிலும் உராய்வும் நாளடைவில் எந்தக் கயிற்றையும் தின்னும்.

இங்கேதான் என் குற்றத்தைச் சொல்லவேண்டும். 1996-ஆம் வருஷம், சொந்தப் படகு வைத்திருந்த காலம். ஒரு காலையில் தாமான் பூட்டின் கண்ணருகே இழைகள் பஞ்சுபோல் எழுந்து நிற்கக் கண்டேன். மாற்றுக் கயிறு கையிலேயே இருந்தது. "நாளை மாற்றலாம்" என்று புறப்பட்டேன். பிற்பகல் காற்றில் பூட்டு அறுந்தது. பாய் கைவிட்டுப் பறந்தது. படகு ஒதுங்கி வான்தீவுக்கு அருகே பவளப்பாறையில் மோதிப் பலகை பிளந்தது. நானும் கூட இருந்த சிறுவனும் இரவெல்லாம் அப்படகைப் பற்றிக்கொண்டு கிடந்தோம்; விடியற்காலை மீன்பிடிக்க வந்த புண்ணியவான்கள் எங்களைத் தூக்கினர். அச்சிறுவனுடைய தாயாருக்கு நான் என்ன சமாதானம் சொல்லக்கூடும்? இரும்பில் உள்ளோடிய விரிசல் பலவேளைகளில் வெளியே தெரியாது. என் கயிறோ காலையிலேயே எனக்குத் தெரிவித்திருந்தது. பார்த்தும் பாராமுகமாயிருந்தவன் நான்.

நண்பர்களே, நம் பிள்ளைகளில் சிலர் இன்று கப்பல் வேலைக்குப் போகிறார்கள். போகாதவர்களும் கிணற்றிலும் தேரிலும் வண்டியிலும் கயிற்றை நம்பியே உயிரை வைக்கிறார்கள். நார் திரிக்கவும் புரி முறுக்கவும் அறிந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் மாதம் ஒரு ஞாயிறு நமது வாசகசாலையில் அமர்ந்து சிறுவர்களுக்கு அதைக் கற்பிக்குமாறு சங்கத்தார் ஏற்பாடு செய்யவேண்டுமென்று பிரார்த்திக்கிறேன். முடிச்சுப் போடக் கற்பிப்பதோடு நிற்காமல், ஒவ்வொரு காலையும் கயிற்றைக் கையில் எடுத்து, வளைத்து, இழை எழுந்திருக்கிறதா என்று பார்க்கவும், எழுந்திருந்தால் அன்றே மாற்றவும் கற்பிக்க வேண்டும். இதோ பன்னிரண்டு கயிற்றுத் துண்டுகள் கொண்டுவந்திருக்கிறேன். விருப்பமுள்ள வாலிபர்கள் முன்வரலாம். இன்று மாலைக்குள் ஆளுக்கொரு பூட்டு முடித்துவிடலாம்.