ஆட்சி மாற்றங்களும் ஆலைக்கான இடத் தேர்வும்
(உரையின் எழுத்து வடிவம்)

அந்நிய நிறுவனம் ஒன்று ஆலை அமைக்க முற்படும்போது துறைமுகம், மின்சாரம், நீர், தொழிலாளர் திறன், சந்தை ஆகியவற்றைச் சீர்தூக்கி இடத்தைத் தெரிவு செய்யும் என்று பொருளாதாரப் பாடநூல்கள் கூறுகின்றன. நடைமுறை அத்துணை எளிதன்று. இதற்கு மாருதி கார்த் தொழிற்சாலையின் வரலாறு நல்ல சான்றாகும்.

இன்று குருகிராம் எனப்படும் குர்கானை ஜப்பானின் சுசூகி நிறுவனம் தெரிவு செய்யவில்லை. 1971-இல் மாருதி லிமிடெட் என்ற தனியார் நிறுவனம் தோன்றியபோது அதன் நிர்வாக இயக்குநர் பிரதமரின் மகன் சஞ்சய் காந்தி. ஹரியானாவின் முதலமைச்சர் பன்சிலால். டில்லியை ஒட்டி ஏறக்குறைய 300 ஏக்கர் விளைநிலம் விரைவிலேயே கைக்கு வந்தது. பாதுகாப்புத் துறையின் வெடிமருந்துக் கிடங்கு அருகில் இருந்ததும், நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியினர் எழுப்பிய கேள்விகளும் தடையாகவில்லை.

ஆனால் மக்கள் கார் வெளிவரவில்லை. 1977-இல் ஜனதா ஆட்சி அமைந்தது, நீதிபதி ஏ. சி. குப்தா தலைமையில் விசாரணை ஆணையம் வந்தது. 1978-இல் நிறுவனத்தைக் கலைத்துவிட உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 1980-இல் இந்திரா காந்தி மீண்டும் பிரதமரானார். அவ்வாண்டு ஜூனில் சஞ்சய் காந்தி விமான விபத்தில் மறைந்தார். அக்டோபரில் மாருதி தேசியமயமாயிற்று. 1981 பிப்ரவரியில் மாருதி உத்யோக் என்ற அரசு நிறுவனம் பதிவாயிற்று. அதை நடத்தும் பொறுப்பு, திருச்சி பாரத மிகுமின் நிலையத்தில் அனுபவம் பெற்ற வி. கிருஷ்ணமூர்த்தியிடம் வந்தது. 1982 அக்டோபர் 2-இல் சுசூகி 26 சதவீதப் பங்குடன் சேர்ந்தது. அதன் முன் வைக்கப்பட்ட இடம் குர்கான். காலிக் கொட்டகைகள் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தன.

தொழில் நோக்கில் பார்த்தால் இது சிறந்த இடம் எனச் சொல்வதற்கில்லை. கார்த் தொழிலும் அதன் உதிரிப்பாக உற்பத்தியும் அந்நாளில் பம்பாய், புனே, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களைச் சுற்றியே இருந்தன. குர்கானிலிருந்து துறைமுகத்தை அடைய ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். ஜப்பானியப் பாகங்களைக் கொண்டு 1983 டிசம்பர் 14-இல் முதல் கார் வெளிவந்தது. எனினும் படிப்படியாக உள்நாட்டுப் பாகங்களுக்கு மாற வேண்டும் என்று அரசு நிபந்தனை விதித்திருந்தது. மாணவர்கள் இந்த நிபந்தனையைத்தான் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பாகங்களைத் தொலைவிலிருந்து தருவித்துக்கொண்டிருக்க இயலாது. எனவே மாருதி தானே பங்கு முதலீடு செய்து, ஜப்பானியத் தொழில்நுட்பத்தையும் இணைத்து, துணைத் தொழில்களை அருகிலேயே எழுப்பிற்று. ஜெய் பாரத் மாருதி, சோனா ஸ்டியரிங், ஆசாஹி இந்தியா கண்ணாடி ஆகியவை இவ்வாறு வளர்ந்தவை. தெரிவு செய்யப்படாத இடத்திற்கு இவையே வேர் ஊன்றித் தந்தன.

வேர் ஊன்றிய பின் ஆட்சி மாற்றம் ஆலையை அசைக்கவில்லை. 1987-இல் பன்சிலாலின் அரசியல் எதிரியான தேவிலால் ஹரியானாவில் ஆட்சிக்கு வந்தார். 1989-இல் மத்தியிலும் காங்கிரஸ் தோற்றது. காரின் உற்பத்தியோ தொடர்ந்தது. பெரும்பான்மைப் பங்கு அப்போது மத்திய அரசிடமே இருந்ததும் ஒரு காப்பாக அமைந்தது. மகாராஷ்டிரத்தில் 1993-இல் என்ரான் நிறுவனத்தின் தாபோல் மின்திட்டத்திற்குக் கையெழுத்தான ஒப்பந்தம், 1995-இல் ஆட்சி மாறியதும் ரத்தாகி மறுபேச்சுக்கு உள்ளாயிற்று. அத்திட்டத்தைச் சுற்றி உள்ளூர்த் தொழில் எதுவும் இவ்வாறு பின்னப்பட்டிருக்கவில்லை. மின்கட்டணமே வாதப் பொருளாயிற்று.

2002-இல் மாருதியின் கட்டுப்பாடு சுசூகியின் கைக்கு மாறிற்று. தன் விருப்பப்படி இடம் தேடும் வாய்ப்பு வந்தபோது அது குஜராத்தின் ஹன்சல்பூரை நாடிற்று. 2012 ஜூலையில் மானேசர் ஆலையில் நிகழ்ந்து ஒரு மேலாளரின் உயிரைக் குடித்த கலவரமே இதற்குக் காரணம் என்பார் உளர். குஜராத் அரசுடன் ஒப்பந்தம் அதற்கு முன்னரே ஆகிவிட்டது. ஏற்றுமதிக்கு ஏற்ற துறைமுக அண்மையே பெரிதும் ஈர்த்தது. ஆனால் அங்கும் நிலம் எளிதில் வாய்க்கவில்லை. அப்பகுதிக்கென வரையப்பட்ட சிறப்பு முதலீட்டு மண்டலத்தை உழவரும் கால்நடை வளர்ப்போரும் எதிர்க்கவே, 2013-இல் மாநில அரசு 44 கிராமங்களில் 36-ஐ விலக்கிற்று. உற்பத்தி 2017-இல்தான் தொடங்கிற்று. பாதிக்கப்படுவோரின் இசைவைத் திட்ட வரைபடம் தீட்டும் முன்பே நாடியிருந்தால், இத்தாமதத்தில் ஒரு பகுதியையேனும் அலுவலர்கள் தவிர்த்திருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு, அடுத்த பேராலைக்குச் சுசூகி மீண்டும் ஹரியானாவையே தெரிவு செய்தது. சோனிபட் மாவட்டத்தின் கர்கோடாவில் ஏறத்தாழ 800 ஏக்கரில் 2022-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2025-இல் உற்பத்தி தொடங்கிற்று. அங்கிருந்தும் கடல் தொலைவே. உதிரிப்பாகம் தரும் ஆலைகளோ அண்மையில் உள்ளன.