காவிளாய்க்கு விதை விடுங்கள்

கமக்காரப் பெருமக்களே!

மணற்பாங்கான தரிசுகளிலும் வீதியோரங்களிலும் ஊதாப் பூவுடன் நிற்கும் காவிளாயை அறியாதார் உங்களுள் இலர். தமிழகத்தார் இதனைக் கொழுஞ்சி என்பர். அவரைக் குடும்பத்துத் தெப்ரோசியா என்னும் சாதியைச் சேர்ந்தது இது. இதன் சிற்றிலையை நுனியிற் பிடித்து இழுத்தால் அம்புத்தலை போலக் கிழியும். இதன் உறவினங்கள் சில மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் பசுந்தாட் பசளைக்காக வளர்க்கப்பட்டன.

காவிளாயின் வேரில் சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் பற்றீரியங்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகின்றன. ஒரு முடிச்சை நகத்தாற் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாயின் அது நன்கு தொழிற்படுகின்றது என அறியலாம். செடியைத் தாழ்த்தும்போது அந்த நைதரசன் உங்கள் பயிருக்கு உணவாகின்றது.

2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைப்பட்டபோது, வயலில் மஞ்சளித்து நின்ற நெல்லைக் கண்டோம். தழைப்பசளை ஒன்றே போதும் என்று நான் கூறவில்லை. ஆயினும், அதனைக் கைவசம் வைத்திருப்பவன் கடைப்பசளையை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

ஆனால் நாம் செய்வது யாது? பூக்கும் பருவத்தில் தரிசுக்குச் சென்று, கண்ட செடியையெல்லாம் வேரோடு பிடுங்கி வருகின்றோம். காய் முற்றுமுன் செடி முழுவதும் போய்விட்டால் நிலத்தில் விதை விழுவது எவ்வாறு? ஆண்டுதோறும் இவ்வாறு செய்தால், நாம் தேடிச் செல்லும் இடத்தில் ஒருநாள் வெறும் மணலே இருக்கும்.

ஆதலால், பிடுங்காது அரிவாளால் அறுங்கள். ஆங்காங்கே சில செடிகளை முற்ற விடுங்கள். காய் வெடித்துச் சிதறுமுன் விதையைச் சேர்த்து உங்கள் சொந்தத் தரிசில் விதையுங்கள். விதையின் தோல் கடினமானது; பருமணலுடன் சேர்த்து நன்கு தேய்த்த பின் விதைத்தால் ஒருசீராக முளைக்கும். பரப்பொன்றுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ விதை போதும். முளைத்த செடி வறட்சியைத் தாங்கும். மாடுகளும் இதனைப் பெரும்பாலும் விரும்பி மேயா. ஆயினும் நீர் தேங்கும் நிலம் இதற்கு ஆகாது.

தாழ்ப்பதற்கு ஏற்றது பூக்கத் தொடங்கும் காலமே. அதற்குப் பிந்தினால் தண்டு வைரித்து, உக்குவதற்கு நாட் செல்லும். தழையைத் துண்டாக்கி ஈரமண்ணில் உழுது தாழ்த்துங்கள். இரண்டு கிழமை கழிந்தபின் நெல் நாற்றையோ கத்தரி, மிளகாய்க் கன்றையோ நடுங்கள். உக்கும் தழையின் மேல் உடனே நட்டால் இளவேர் தாக்கமுறும்.

அன்பர்களே, இவ்வாண்டு அறுக்கச் செல்லும்போது ஒரு பிடி விதைக்கேனும் செடியை விட்டு வாருங்கள். அடுத்த போகத்துப் பசளை அதிலேயே இருக்கின்றது.