மறைவின் பின் மலர்ந்த புகழ்



வாழுங்கால் அறியப்படாது, மறைந்தபின் போற்றப்பட்ட எழுத்தாளர் பலர். அவருள் இருவரை இன்று நினைவுகூர விரும்புகின்றோம்.

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் 1886ஆம் ஆண்டு தமது 55ஆவது வயதிற் காலமானார். அவர் இயற்றிய கவிதைகள் ஏறக்குறைய 1,800. வாழ்நாளில் அச்சேறியவையோ ஏறத்தாழப் பத்தே. தமக்கு வந்த கடிதங்களை எரித்துவிடுமாறு அவர் சொல்லியிருந்தார். தங்கை லவீனியா அவ்வாறே செய்தார். ஆயின், நூலாற் கோத்த கவிதைச் சுவடிகளைக் கண்டதும் எரிக்க மனமின்றிக் காத்தார். 1890இல் முதற்றொகுதி வெளிவந்தது. பதிப்பாளர் சொற்களைத் திருத்தியிருந்தனர். கவிஞர் எழுதியவாறே கவிதைகள் யாவும் வெளிவர 1955 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிராக் நகரத்துக் காப்கா 1924இல் 40 வயதிற் சயரோகத்தால் மறைந்தார். தம் கையெழுத்துப் பிரதிகளைப் படியாமலே எரித்துவிடும்படி நண்பர் மக்ஸ் புரோட்டுக்கு எழுதிவைத்தார். நண்பர் இணங்கவில்லை. ‘விசாரணை’ நாவல் 1925இல் வெளிவந்தது.

நண்பரின் இறுதி விருப்பத்தை மீறுதல் முறையோ எனப் பெரியோர் வினவலாம். வினா நியாயமானதே. எனினும், காத்ததைப் பின்வருவோர் ஆராயலாம், எரித்தது மீளாது. ஆதலின் நாம் காத்தவர் பக்கமே நிற்கின்றோம்.

மறைந்தவருக்குப் புகழாற் பயனில்லை, பயன் நமக்கே. வீட்டுப் பெட்டகங்களிற் கிடக்கும் ஏடுகளைக் கறையானுக்குக் கொடுக்குமுன் ஒருமுறை படிப்போமாக. அதனினும் மேலாக, நம்மிடையே எழுதுவோரை அவர் வாழுங்காலத்திலேயே படிப்போமாக.