வேலை தேடும் பிள்ளைகளும் வீட்டு இணையமும்



கொடியேற்றம், தேர்ப்பவனி பற்றியெல்லாம் மற்றவர்கள் பேசிவிட்டார்கள். நாம் வேலையின்றி வீட்டிலிருக்கும் நம் பிள்ளைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நம் பாடி தொழிலாளர் ஊர். 1960-களில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா போன்ற ஆலைகள் இங்கே எழுந்தன. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அந்நாளில் வேலையைக் காலால் தேடினார்கள். ஐ.டி.ஐ. சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு, ‘டர்னர் தேவை’ என்ற பலகையைக் கண்டால் உள்ளே நுழைவார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்று பதிந்துவிட்டுத் தபால்காரருக்காகக் காத்திருப்பார்கள். திராட்சைத் தோட்ட உவமையில் பதினோராம் மணிவரை சந்தைவெளியில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். தோட்டக்காரர் கண்ணில் படும் இடத்திலாவது அவர்கள் நின்றார்கள்.

இன்று அந்தச் சந்தைவெளி இணையத்துக்குள் போய்விட்டது. வேலைவாய்ப்பகப் பதிவு 2011 முதல் இணையத்தில்; தேர்வாணைய விண்ணப்பமும் நுழைவுச்சீட்டும் இணையத்தில்; தனியார் வேலைகளுக்கென்று தமிழக அரசே 2020-ல் ஓர் இணையதளம் திறந்தது. “2016-ல் ஜியோ வந்த பிறகு யாரிடம் இணையம் இல்லை, சாமி?” என்பீர்கள். கைப்பேசி இருக்கிறது, உண்மைதான். சில வீடுகளில் அது ஒன்றே ஒன்று. அதுவும் அப்பாவோடு இரவு ஷிப்டுக்குப் போய்விடுகிறது. சின்னத் திரையில் நீண்ட விண்ணப்பத்தை நிரப்பி, சான்றிதழ்களைக் கேட்ட அளவுக்குச் சுருக்கி ஏற்றுவதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். பிறகு பிரவுசிங் சென்டர். ஒவ்வொரு தடவையும் காசு. வேலையில்லாதவனிடம் இல்லாதது அந்தக் காசுதானே? வீட்டில் கணினியும் இணைப்பும் உள்ள பிள்ளையோ, இரவு பத்து மணி அறிவிப்புக்குப் பத்தேகாலுக்கு விண்ணப்பித்துவிட்டுத் தூங்குகிறான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டிப்ளமோ படித்த நம் பங்கு இளைஞர் ஒருவர், அலுவலக இணையத்தைச் சிறிது நேரம் பார்க்கலாமா என்று நம்மிடம் கேட்டார். திருமண ஓலை எழுதிக்கொண்டிருந்த நாம், “ஞாயிறு பூசைக்குப் பிறகு வா, தம்பி” என்று சொல்லி, கையில் ஒரு சிபாரிசுக் கடிதமும் கொடுத்தனுப்பினோம். நேர்முகத் தேர்வு அழைப்பு அவருடைய மின்னஞ்சலில் வந்து கிடந்தது. தேர்வு சனிக்கிழமை. ஞாயிறன்றுதான் பார்த்தார், நம் கடிதம் அப்போதும் அவர் சட்டைப்பையில் இருந்தது. அவர் நம்மைக் குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இணைப்பு வந்தால் வேலை வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஓர் இடத்துக்கு ஊர் உலகமே விண்ணப்பிக்கிறது. படத்துணுக்கு பார்த்தே பொழுதைக் கழிக்கும் பிள்ளைகளும் உண்டு. இதோ, பின்வரிசையில் சிரிக்கிறார்கள்! வேலைக்கு முன்பணம் கேட்கும் மோசடிக்காரர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். கேட்டால் கொடுக்காதீர்கள், ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

வின்சென்ட் தே பவுல் சபையினர் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். யூபிலிச் செலவில் மிஞ்சிய பணத்தில் இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், ஓர் இணைப்பு, எல்லாம் பங்கு மன்றத்தில். நாள்தோறும் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், எம்மதத்தவரும் வரலாம். காலை வேளையில் பெண்களுக்கு முதலிடம். ஆலையில் ஓய்வுபெற்ற இருவர் உடனிருந்து உதவுவார்கள். அறைச் சாவி நம் மேசையில் இராது. சபைத் தலைவரிடம் இருக்கும்.