கட்டிலில் வாங்கிய கையெழுத்து

(ரஞ்சன்காவ் தமிழ்த் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்த நாம், இந்த ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் உழைப்பை விற்கிறோம், உடம்பை விற்கவில்லை. ஆனால் பிரஸ் மெஷினில் விரல் போனவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதே ஒரு தாள் வந்துவிடுகிறது. மராத்தியில் எழுதியிருக்கும். "இருபதாயிரம் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்பதே அதன் சாரம். கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்பார்கள்.

அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு? 1923ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. மொத்தத் தொகை பேசி முடித்தால், முதலாளி அதை ஆணையருக்கு அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்றாலும், மோசடியாலோ மிரட்டலாலோ வாங்கியது என்றாலும் ஆணையர் பதிவை மறுக்கலாம். அனுப்பாமல் மறைத்தால் முழு நஷ்டஈட்டுக்கும் முதலாளியே பொறுப்பு. அதிகாரி வேறுவிதமாக உத்தரவிட்டாலன்றி, முன்பு கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்க முடியாது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பதிவு விதி தொடர்கிறது.

கணக்குப் பாருங்கள். வயது 30, மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிரந்தர முழு ஊனத்துக்குச் சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது 9,000. அதை அந்த வயதுக்குரிய 207.98 ஆல் பெருக்கினால் 18,71,820 ரூபாய். கட்டைவிரல் இழப்புக்கு அட்டவணை 30 சதவீதம் என்கிறது. ஆக 5,61,546 ரூபாய். இருபதாயிரம் எங்கே, ஐந்தரை லட்சம் எங்கே!

இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு வழி வேறு. அவர் முதலாளியிடம் இந்த நஷ்டஈடு கேட்க முடியாது; உழைக்கும் திறன் எவ்வளவு போனதோ அதற்கேற்ப இ.எஸ்.ஐ. கழகம் ஆயுள் முழுதும் பணம் தரும். அதற்கு விபத்து ஒழுங்காகப் பதிவாக வேண்டும். "வீட்டில் விழுந்தான்" என்று எழுத விடாதீர்கள்.

"நீ கான்ட்ராக்ட் ஆள்" என்று கம்பெனி கை கழுவ முடியாது. கம்பெனியின் தொழிலுக்காக உழைத்தவர் கம்பெனியிடமே கோரலாம். இரண்டு ஆண்டுக்குள் கோர வேண்டும். தர்மபுரிக்கோ திருநெல்வேலிக்கோ திரும்பிவிட்டாலும், குடியிருக்கும் இடத்திலேயே மனுப் போடலாம்.

தாய்மார்களே, சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்றையும் பத்திரமாக வையுங்கள். படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். போட்டுவிட்டவர்களும் பயப்பட வேண்டாம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள்.