அரும்பும் மொட்டும் மலரும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் – ஆசிரியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கோவில் விழாக்கோலம் பூண்டு நிற்கிறது. இவ்வேளையில் கோவிலைப் பற்றியே பேசினால் நம் எல்லோருக்கும் இனிமையாகத்தான் இருக்கும். ஆயினும் இன்று நாம் பேச விரும்புவது, கோவில் மணியோசை கேட்கும் தூரத்தில் இருக்கிற வகுப்பறையைப் பற்றி. அதிலும் அவ்வகுப்பறையின் கடைசி வரிசையைப் பற்றி.

முதற்கண் நம் குற்றம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதில், சுமார் 25 ஆண்டுகளுக்கு முன், நாம் ஒரு மாணவர் விடுதிக்குப் பொறுப்பாயிருந்தோம். மலையிலிருந்து வந்த ஒரு சிறுவன் அங்கே இருந்தான். ஆறாம் வகுப்பு, ஒரு வரி வாசிக்க வராது. கூப்பிட்டால் திரும்பிப் பாரான். கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்லுவான். பிடிவாதக்காரன் என்று எண்ணினோம். கண்டித்தோம், முழங்காலில் நிறுத்தினோம். ஆண்டு முடிவில் அவன் தகப்பனை வரவழைத்து, "இவனுக்குப் படிப்பு ஏறாது, கூட்டிக்கொண்டு போங்கள்" என்றோம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலைக் கடந்தபோது தகப்பன் சொன்னார்: "சாமி, இவனுக்குச் சின்னதிலிருந்தே ஒரு காதில் சீழ் வருது. அந்தப் பக்கம் பேசினா கேக்காது."

ஓர் ஆண்டு முழுவதும் நம்மோடு உண்டு உறங்கிய பிள்ளை. அவன் காதைப் பற்றி நாம் ஒரு நாளும் விசாரிக்கவில்லை. அவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்பது நமக்குத் தெரிந்தது. ஏன் ஏறவில்லை என்று கேட்க மட்டும் தெரியவில்லை. இன்று நாம் பேசப்போவது அந்த 'ஏன்' என்ற கேள்வியைத்தான்.

ஒரே வகுப்பில் 30 பிள்ளைகள் இருந்தால், 30 பேரும் ஒரே படியில் நிற்பதில்லை. இது புதிய கண்டுபிடிப்பன்று. நம் பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒருவன் மணலில் அகரம் எழுதுவான். மற்றொருவன் சுவடி வாசிப்பான். முன்னே சென்ற சட்டாம்பிள்ளை பின்னே வருகிறவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகும் முறையை இந்நாட்டுப் பள்ளியில் கண்டு தம் இல்லத்திலும் கைக்கொண்டார். பிள்ளைக்குப் பிள்ளையே ஆசிரியராகும் முறையை அங்கே வளர்த்தார். 1797இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்திலும் பரவியது. அதற்காகத் திண்ணைப் பள்ளியை நாம் வானளாவப் புகழத் தேவையில்லை. அங்கே பிரம்பும் இருந்தது, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அதன் வாசல் திறந்திருக்கவுமில்லை.

திருச்சபையிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1719இல் மறைந்த புனித தெலசால், ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கென வகுத்த ஒழுங்குநூல் அடுத்த ஆண்டே அச்சேறியது. அதில் ஒவ்வொரு பாடத்திலும் மாணவரைத் தொடங்குவோர், நடுநிலையினர், தேர்ந்தோர் என மூன்று நிலையாக்கியிருந்தார். அந்நிய இலத்தீனை விட்டுத் தாய்மொழியில் முதலில் வாசிக்கப் பழக்கினார். 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தது பொருத்தமே.

இனி நம் நாளுக்கு வருவோம். அமெரிக்க நாட்டில் ஒரு காலத்தில், பிள்ளை பெரிதும் பின்தங்கிய பிறகே அதற்குத் தனி உதவி கிடைத்து வந்தது. நோய் முற்றட்டும், பிறகு மருந்து கொடுப்போம் என்பது போன்ற நிலை அது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பின், முதலிலேயே கண்டறிந்து படிப்படியாக உதவும் முறை அங்கே வலுப்பெற்றது. அதில் மூன்று படிகள் உண்டு. முதற்படி, வகுப்பிலுள்ள அனைவருக்கும் நல்ல கற்பித்தல். இரண்டாம் படி, அதிலும் எட்டாதவர்களுக்குச் சிறு குழுவாகக் கூடுதல் பயிற்சி. மூன்றாம் படி, இன்னும் இடர்ப்படும் சிலருக்குத் தனித்தனியான கவனிப்பு. நூறு பேரில் ஏறத்தாழ 80 பேருக்கு முதற்படி போதும், 15 பேருக்கு இரண்டாவது வேண்டும், 5 பேருக்கு மூன்றாவது வேண்டும் என்று ஒரு பொதுக்கணக்கும் சொல்வார்கள்.

இக்கணக்கில் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. வகுப்பில் பாதிப்பேருக்குத் தனி உதவி தேவைப்படுகிறதென்றால், குறை அப்பாதிப்பேரிடம் இல்லை. அனைவருக்கும் கொடுக்கிற முதற்படியில்தான் இருக்கிறது. நாற்று ஒன்றிரண்டு வாடினால் நாற்றைப் பார்க்கலாம். வயலே வாடினால் வாய்க்காலைத்தான் பார்க்கவேண்டும்.

நம் தமிழ்நாடும் இவ்வழியில் நடந்து வருகிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் படியேறினார்கள். பின்னர் மாநிலமெங்கும் அது சென்றது. அடுத்து வந்தது கொள்ளை நோய்க்காலம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் நாளன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் பாதியில் வீட்டுக்குப் போன பிள்ளை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. எழுத்துக்கள் வழியிலேயே உதிர்ந்து போயிருந்தன. அந்த இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலையில் தெருவிலேயே பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. முதலில் 1 முதல் 3 வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் அது நடைமுறையாயிற்று. 2025-26 கல்வியாண்டில், பெரிய வகுப்புக்கு வந்தும் அடிப்படை வாராதவர்களுக்கென 6 முதல் 9 வரை 'திறன்' என்ற இயக்கமும் தொடங்கப்பட்டது.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் நிற்கும் நிலைகளுக்கு இட்ட பெயர்களைக் கவனியுங்கள்: அரும்பு, மொட்டு, மலர். மக்கு என்றோ தேறாதவன் என்றோ ஒரு பெயரில்லை. அரும்பு என்பது குறையன்று. மலரப் போவதன் இன்றைய நிலை. ஆனால், ஆசிரியப் பெருமக்களே, பெயர் நல்லதாயிருப்பது மட்டும் போதாது. ஜூனில் அரும்பாயிருந்தவன் மார்ச்சிலும் அரும்பாகவே இருந்தால், அது பழைய கடைசி பெஞ்சுக்குப் புதிய பெயர் சூட்டியதாகிவிடும். மாதத்துக்கொரு முறையாவது சோதித்துப் பார்த்து, முன்னேறியவனை மேல் நிலைக்கு ஏற்றவேண்டும். தனிப்பயிற்சி என்று சொல்லி, மற்றவர் படிக்கும் பாடத்திலிருந்தும் விளையாட்டிலிருந்தும் அவனைப் பிரித்துவிடக்கூடாது. கூடுதல் உதவி என்றால் கூடுதலாகவே இருக்கவேண்டும். ஒன்றைப் பிடுங்கி மற்றொன்றைக் கொடுப்பது உதவியாகாது.

ஆசிரியர்களின் வருத்தத்தையும் நாம் அறிவோம். மதிப்பீடுகளைக் கைப்பேசிச் செயலியில் பதியவே நேரம் போகிறது, பிள்ளையின் முகம் பார்க்க நேரமில்லை என்கிறீர்கள். அது நியாயமான வருத்தம். பதிவேடு பிள்ளைக்காக இருக்கவேண்டும். பிள்ளை பதிவேட்டுக்காக இருத்தலாகாது.

இப்போது நம் மலையை நோக்குவோம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26ஆம் நாள். கல்வராயன் மலைக்கு வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட தனி வட்டமும் உண்டு. ஆனால் 1976 வரையில் அம்மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? சமவெளியில் மூன்று தலைமுறை பள்ளிக்கூடம் கண்டுவிட்டது. மலையில் இன்று சிலேட்டுப் பிடிக்கும் பிள்ளை பல வீடுகளில் முதல் தலைமுறை. அம்மலையாளிப் பழங்குடி மக்கள் பேசுவதும் தமிழே. எனினும் வீட்டுச் சொல் ஒன்றாகவும் பாடநூற்சொல் வேறாகவும் இருக்கிறது. பிழைப்புக்காகப் பெற்றோர் மாதக்கணக்கில் வெளியூர்த் தோட்டங்களுக்குப் போனால் பிள்ளையும் உடன் போகிறது, அல்லது பாட்டியிடம் நிற்கிறது. திரும்பி வரும்போது வகுப்பு பத்துப் பாடம் கடந்திருக்கும். கைப்பேசி அலைவரிசை எட்டாத சிற்றூர்களில், கொள்ளை நோய்க் காலத்து இணைய வழிப் பாடம் வெறும் செய்தியாகவே நின்றுபோயிற்று.

ஆகவே அங்கே முதற்படியை அகலமாகக் கட்டவேண்டும். பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது. அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது நற்செய்தியே. உண்டு உறைவிடப் பள்ளியில் உணவும் உறைவிடமும் இருந்தால் மட்டும் போதாது. மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கக் கேட்க ஓர் ஆளும் வேண்டும். கண்ணையும் காதையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே சோதிக்கவேண்டும். கற்றலில் தனி இடர்ப்பாடுள்ள பிள்ளையை, "போகப் போகச் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடாமல் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் காட்டவேண்டும்.

சமவெளியிலும் நமக்குப் பாரம் குறைவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகள் மறுபடியும் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அத்தகைய பிள்ளை வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால், முதலில் பிரம்பா, முதலில் 'ஏன்' என்ற கேள்வியா?

நூறு ஆடுகளில் ஒன்று வழிதவறியபோது மேய்ப்பன் என்ன செய்தான் என்பதைச் சிறு வயது முதல் கேட்டிருக்கிறோம். 99 இருக்கிறதே, நல்ல தேர்ச்சி விகிதம் என்று அவன் திருப்தியடையவில்லை. நம் பள்ளிகளோ நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டுவதற்காக, அந்த ஒன்றை ஒன்பதாம் வகுப்பிலேயே மெல்ல வெளியே அனுப்பிவிடுவதுண்டு. இதைச் சொல்ல நமக்கு வெட்கமாயிருக்கிறது, நாமும் செய்தவர்கள்தான்.

ஆகையால் இப்பொன்விழாவின் நினைவாக மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம். முதலாவது, பங்கு இல்லத்தின் முன்கூடம் பள்ளி நாட்களில் மாலை 5 மணி முதல் 7 மணி வரை எல்லாச் சமயப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கும். இளைஞர்களும் கல்லூரி மாணவியரும் ஆளுக்கு ஐந்து பிள்ளைகளை ஏற்றுக்கொள்ள முன்வாருங்கள். ஆறாவது பிள்ளையை மற்றவரிடம் விடுங்கள். இரண்டாவது, பெற்றோரே, மதிப்பெண் அட்டையில் ஒப்பமிடும்போது, "எத்தனையாவது இடம்?" என்பதற்கு முன் "எதில் கஷ்டம்?" என்று கேளுங்கள். மூன்றாவது, மலைக்குச் சென்று உழைக்கும் ஆசிரியர்களை நாம் மறவாதிருப்போம். மழைக்காலத்தில் அப்பாதையில் போய்வருவதே ஒரு தவம்.

தொடக்கத்தில் சொன்ன சிறுவனை முடித்துவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் தம் மகளை அழைத்துக்கொண்டு, அவளது விடுதி விண்ணப்பத்துக்கு உதவி கேட்டு நம்மிடம் வந்தார். பேசும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டார். அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. தாளை நீட்டினோம். "சாமி, எனக்குக் கையெழுத்து வராது. ரேகை வச்சிடட்டுமா?" என்றார். அவர் குரலில் கோபமில்லை. அதுவே நம்மை அதிகம் சுட்டது. அவர் பெருவிரலை மையில் தோய்த்தபோது, அந்தக் கறுப்பு மையில் பாதி நம் விரலுக்கு உரியது என்று எண்ணினோம். பக்கத்தில் நின்ற சிறுமி தன் பெயரைத் தானே எழுதினாள், எழுத்து எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு. தகப்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கோவிலுக்குப் பொன்விழா மலர் வெளியிடுகிறோம். நம் பிள்ளைகளில் ஓர் அரும்பும் கருகாமல், தன் காலத்தில் மலர உழைப்போமாக. அதற்கு வேண்டிய பொறுமையை இறைவன் நமக்கு அருள்வாராக.